கோல் போட ஆள் எங்கே? கோச்சை மாற்றினால் மட்டும் தீருமா?

"ஒரு கோல்! ஒரே ஒரு கோல்! அதைக்கூடவா போட முடியாது?"

2025 நவம்பர் 18-ந் தேதி இரவு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த ரசிகர்கள் கேட்ட கேள்வி இது. அன்று டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பை தகுதிச் சுற்று ஆட்டத்தில் இந்தியக் கால்பந்து அணி வங்காளதேசத்திடம் 0–1 என்று தோற்றது. ஆட்டம் தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் நம் வலையில் பந்து விழுந்து விட்டது. திருப்பிப் போட ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நம் ஆட்கள் ஓடினார்கள். வியர்த்தார்கள். பந்தைக் கொண்டு போனார்கள். கோல் மட்டும் விழவில்லை.

வங்காளதேசத்திடம் நம் ஆண்கள் அணி தோற்று 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பெருமையும் அன்றோடு போயிற்று.

வில்லியனூர் ரெயில் நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்கு நிற்கிற குமாஸ்தாவும், பாகூர் கடைத்தெருவில் கடை திறக்கிற மளிகைக்காரரும் கால்பந்து பேச்சு வந்தால் இன்று ஒரே மாதிரி கையை விரிக்கிறார்கள். "தோத்தா கூட பரவாயில்லை அண்ணே. ரெண்டு கோல் போட்டுட்டு தோக்கட்டும். சும்மா பந்தை அங்கயும் இங்கயும் உருட்டிட்டு வர்றானுங்களே, அதைத்தான் பாக்க முடியலை!"

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தோல்வி எந்த ஆட்டத்திலும் உண்டு. கோல் போட முயற்சியே இல்லாத ஆட்டத்தை எத்தனை நாள் பார்ப்பது?

வரவு 4, செலவு 15

கடைக்காரர்களுக்குப் புரிகிற கணக்கில் சொன்னால் இதுதான் நிலைமை.

2024-ம் ஆண்டு முழுவதும் இந்திய அணி 11 ஆட்டம் ஆடியது. ஒன்றில்கூட வெற்றி இல்லை. 5 டிரா, 6 தோல்வி. போட்ட கோல் 4. வாங்கிய கோல் 15. வரவு நாலு, செலவு பதினைந்து என்றால் எந்தக் கடை ஓடும்?

அந்த நாலு கோலையும் யார் போட்டார்கள் என்று பார்த்தால் வேதனை இன்னும் கூடும். ஒன்று சுனில் சேத்ரி பெனால்டியில் போட்டது. ஒன்று சாங்தே போட்டது. அவர் ஓரத்தில் ஓடுகிற விங் ஆட்டக்காரர். ஒன்று பரூக் சவுத்ரி. நாலாவது கோல் ராகுல் பெகே. அவர் பேக்! கோலைத் தடுக்க வேண்டியவர் முன்னால் ஓடி வந்து கோல் போட வேண்டிய நிலைமை.

அந்த ஆண்டு ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0–2, உஸ்பெகிஸ்தானிடம் 0–3, சிரியாவிடம் 0–1. மூன்று ஆட்டம். கோல் பூஜ்யம்!

அடுத்து உலகக் கோப்பை தகுதிச் சுற்று. மார்ச்சில் ஆப்கானிஸ்தானோடு முதல் ஆட்டம் 0–0. ஐந்து நாள் கழித்து கவுகாத்தியில் நம் சொந்த மண்ணில் 1–2 என்று தோல்வி. அது சேத்ரியின் 150-வது ஆட்டம். ஜூன் 6-ந் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்தோடு மோதல். ஜெயித்தால் 3-வது சுற்றுக்கு முதல் தடவையாகப் போக வழி பிறந்திருக்கும். அன்றும் 0–0. அந்த ஆட்டத்தோடு சேத்ரி கண்ணீரோடு விடைபெற்றார். 151 ஆட்டம், 94 கோல்.

பிறகு நடந்தது என்ன? ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. கோல் போட ஆள் கிடைக்காமல் அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள்! 2025 மார்ச்சில் 40 வயதில் மீண்டும் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார்.

சேத்ரியை இதற்காகக் குறை சொல்ல முடியாது. அந்த மனிதருக்குக் கோடி கும்பிடு போடலாம். ஆனால் 140 கோடி பேர் உள்ள நாட்டில் ஓய்வு பெற்றவரை வாசலுக்குப் போய் அழைத்து வர வேண்டி இருந்ததே, அதுதான் வெட்கம்.

ஐந்து ஆட்டம், இரண்டு கோல்

சரி, பெரிய அணிகளோடு மோதினால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்வார்கள். 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் நம் பிரிவில் இருந்தது யார்? ஹாங்காங், சிங்கப்பூர், வங்காளதேசம். பெரிய பூதங்கள் யாரும் இல்லை.

2025 மார்ச்: வங்காளதேசத்தோடு ஷில்லாங்கில் 0–0. ஜூன்: ஹாங்காங்கில் கடைசி நேரப் பெனால்டியில் 0–1. அக்டோபர் 9: சிங்கப்பூரில் 1–1. பத்து பேரோடு ஆடி, 90-வது நிமிடத்தில் ரகீம் அலி போட்ட கோலால் தப்பினோம். அக்டோபர் 14: கோவாவில் அதே சிங்கப்பூரிடம் 1–2. முதல் கோலை சாங்தே போட்டும் காப்பாற்ற முடியவில்லை. நவம்பர் 18: டாக்காவில் 0–1.

ஐந்து ஆட்டத்தில் இரண்டே கோல். ஒரு வெற்றி இல்லை. 24 நாடுகள் ஆடுகிற போட்டிக்கு நமக்கு இடம் இல்லை. புதுச்சேரியையும் கடலூரையும் சேர்த்து வைத்தாற் போன்ற பரப்பு கூட இல்லாத சிங்கப்பூர் போகிறது. நாம் டி.வி.யில் பார்க்க வேண்டும்!

2023 ஜூலையில் உலக தரவரிசையில் 99-வது இடத்துக்கு வந்திருந்த அணி இது. 2025 ஜூலையில் 133. அதே ஆண்டு நவம்பரில் 142. படியில் இறங்கவில்லை, சறுக்கு மரத்தில் போகிறது.

நம் ஊர் சேர்ந்த ஆண்டில் கிடைத்த தங்கம்

"நம்மாளுக்கு கால்பந்து வராதுப்பா" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்டு 16. சரியாக 19-வது நாள், செப்டம்பர் 4-ந் தேதி, ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்துத் தங்கம் வென்றது. இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2–1 என்று தோற்கடித்தது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்கு இல்லை. வில்லியனூரும் பாகூரும் சட்டப்படி இந்தியா ஆன ஒரு மாதத்துக்குள் கிடைத்த தங்கம்தான் கடைசித் தங்கம்!

அந்த அணிக்குக் கோச் சையத் அப்துல் ரகீம். ஐதராபாத்துக்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவர் செய்த ஒரு காரியத்தை இன்றும் பழைய ஆட்கள் சொல்வார்கள். ஜர்னைல் சிங் என்ற பேக் ஆட்டக்காரருக்குப் போட்டியின் நடுவில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ரகீம் அவரை ஓரமாக உட்கார வைக்கவில்லை. தூக்கி முன்னால் நிறுத்தினார், சென்டர் பார்வர்டாக! இறுதி ஆட்டத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட, மற்ற கோலைப் போட்டவர் அதே ஜர்னைல் சிங்.

கோச் என்றால் அது கோச். கையில் இருப்பதை வைத்துக் கோல் போட வழி தேடினார்.

அதற்கு முன்னால் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4–2 என்று விரட்டினோம். நெவில் டிசூசா மூன்று கோல். நாலாவது இடம் கிடைத்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1–1 டிரா! பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிற குடும்பங்கள் இன்றும் புதுச்சேரியில் உண்டு. உலகக் கோப்பையில் பிரான்ஸ் ஜெயித்தால் இங்கே பட்டாசு வெடிக்கிறது. அந்தப் பிரான்சைத் திணற அடித்த அணி ஒன்று நமக்கும் இருந்தது. அந்த ரோம் அணியில் கோல் போட்டு ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை.

ஆகவே ரத்தத்தில் குறை இல்லை. இடையில் எங்கோ தவறு நடந்திருக்கிறது. யார் குற்றவாளி?

முதல் குற்றவாளி கோச்சா?

ஒவ்வொரு தோல்விக்கும் முதலில் பிடிபடுகிறவர் கோச்தான். பூட்டு உடைந்தால் வாட்ச்மேனைப் பிடிப்பது போல.

2015-ல் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் இரண்டாவது தடவையாக வந்தார். இங்கிலாந்துக்காரர். தடுத்து ஆடு, பந்து கிடைத்தால் நீளமாகத் தூக்கி அடி என்பது அவர் பாணி. தரவரிசை 2017-ல் 96 வரை உயர்ந்தது. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4–1 என்று சாய்த்தார்கள். ஊரே துள்ளியது. அடுத்த இரண்டு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. பக்ரைனோடு கடைசி நிமிடம் வரை டிராவுக்காகக் காவல் காத்தார்கள். பெனால்டி ஒன்று வந்தது. எல்லாம் போயிற்று. அவர் ராஜினாமா செய்தார்.

அடுத்து குரோஷியாக்காரர் இகோர் ஸ்டிமாச். 1998 உலகக் கோப்பையில் 3-வது இடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர். "இனி பந்தைப் பாஸ் செய்து ஆடுவோம்" என்றார். ஐந்து ஆண்டு இருந்தார். 2023-ல் தெற்காசியக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் பந்து பாஸ் ஆனது நடு மைதானத்தோடு சரி. கோல் பக்கம் போனால் எல்லோரும் சேத்ரியைத் தேடினார்கள். 2026 வரை ஒப்பந்தம் இருந்தும் 2024 ஜூன் 17-ல் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கெஸ். இவரை வைத்த விதம்தான் வேடிக்கை. கோவா கிளப்புக்கும் கோச், நாட்டுக்கும் கோச். ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு சீட்டில்! அரசு ஆபீசில் ஒரு கிளார்க் இப்படி இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கினால் மெமோ வரும். எட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. 2025 ஜூலையில் அவரும் போனார்.

2025 ஆகஸ்டில் காலித் ஜமீல். 13 ஆண்டுக்குப் பிறகு முழுநேரப் பொறுப்புக்கு வந்த இந்தியக் கோச். ஐசால் என்ற சின்ன ஊர் அணியை 2017-ல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கிய கெட்டிக்காரர். வந்த வேகத்தில் தஜிகிஸ்தானை அதன் சொந்த ஊரில் 2–1 என்று தோற்கடித்தார். அந்த இரண்டு கோலைப் போட்டவர்கள் யார்? அன்வர் அலி, சந்தேஷ் ஜிங்கன். இருவரும் பேக்!

இங்கிலாந்து, குரோஷியா, ஸ்பெயின், இந்தியா என்று நாலு கோச். நாலு பாணி. நோய் மட்டும் ஒன்றே. டாக்டரை மாற்றிக்கொண்டே இருந்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், குடிக்கிற தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டாமா?

கோச்சுகள் மீது தப்பே இல்லை என்று சொல்லவில்லை. பயந்து ஆடுகிற பழக்கத்தை அவர்கள் வளர்த்தார்கள். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோவில் தேரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கவர்னர், முதல்-அமைச்சர் எல்லாம் வந்து வடம் பிடிப்பார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடவும் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் தேர் தறிகெட்டு ஓடும். ஆனால் வடம் பிடிக்க ஆள் இல்லாமல், பத்து பேரும் முட்டுக்கட்டையோடு நின்றால் தேர் நிலையை விட்டு நகருமா? நம் அணியின் ஆட்டம் அப்படித்தான் இருக்கிறது.

உண்மையான இடம் இதுதான்

கோல் போடும் ஆட்டக்காரன் வானத்திலிருந்து குதிப்பதில்லை. வாரா வாரம் கிளப் ஆட்டத்தில், கோலுக்கு நேர் எதிரே, நெருக்கடியில் நின்று நின்றுதான் அந்த வித்தை கைவரும். அரை நொடியில் திரும்ப வேண்டும். பேக் சட்டையைப் பிடித்து இழுக்கும்போதே அடிக்க வேண்டும். தேசிய அணி முகாமில் பத்து நாளில் எந்தக் கோச்சும் அதைக் கற்றுக் கொடுக்க முடியாது.

நம் கிளப்புகளில் அந்த இடத்தில் நிற்பது யார்?

2014-ல் ஐ.எஸ்.எல். லீக் தொடங்கியது. அப்போது களத்தில் 11 பேரில் 6 பேர் வரை வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18-ல் அது 5 ஆனது. 2021-22 முதல் 4. எண்ணிக்கை குறைந்தது. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவரை எந்த இடத்தில் போடுகிறார்கள்? சென்டர் பார்வர்டு!

2014 முதல் 2024-25 வரை 11 சீசன் நடந்தது. அதிக கோல் போட்டவருக்குக் கொடுக்கிற தங்கக் காலணி பரிசை 11 தடவையும் வாங்கியவர் வெளிநாட்டவர். ஒரு தடவைகூட இந்தியர் வாங்கவில்லை! 2024-25-ல் மொராக்கோக்காரர் அஜராயி 23 கோல் போட்டார். அந்த சீசனில் இந்தியர்களில் அதிகம் போட்டவர் யார்? 14 கோலோடு மறுபடியும் அதே சேத்ரி. வயது 40.

மன்வீர் சிங் கதையைப் பாருங்கள். 2023 நவம்பரில் குவைத் மண்ணில் குவைத்தைத் தோற்கடித்த கோலைப் போட்டவர். ஆஜானுபாகுவான ஆள். ஆனால் மோகன் பகானில் அவருக்கு வலது ஓரம். நடுவில் ஜேசன் கம்மிங்ஸ், ஜேமி மெக்லாரன் என்று ஆஸ்திரேலியாக்காரர்கள். ஆண்டு முழுதும் ஓரத்தில் ஓடுகிறவரை, தேசிய அணிச் சட்டை போட்டதும் "நீ நடுவில் நின்று கோல் போடு" என்றால் எப்படிப் போடுவார்? ஆண்டு பூரா ஸ்டோரில் வேலை பார்த்த ஆளை ஆடிட் அன்று கேஷ் கவுண்டரில் உட்கார வைத்த கதைதான்!

ஐ.எம். விஜயன், பைச்சுங் பூட்டியா, சேத்ரி என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். விஜயன் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். மூன்று பேரும் ஐ.எஸ்.எல். பிறப்பதற்கு முன்பே ஆளானவர்கள். பணமும் விளக்கு வெளிச்சமும் வந்த பிறகு, அந்த வரிசையில் நாலாவது ஆள் வரவில்லை. இது தற்செயல் அல்ல.

கிளப்காரர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள். "கோடிக்கணக்கில் பணம் போடுகிறோம். ஜெயித்தால்தான் கூட்டம் வரும். கோல் போடத் தெரிந்தவனைத்தான் முன்னால் நிறுத்துவோம்" என்கிறார்கள். வியாபாரி பேச்சு. அதிலும் தப்பு சொல்ல முடியாது. ஜப்பானும் தன் லீக்குக்கு ஜிக்கோ போன்ற பெரிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கொண்டு வந்ததுதான். ஆனால் ஜப்பானில் பின்னால் பள்ளிக்கூடங்களிலிருந்து பையன்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். வெளிநாட்டவர் சொல்லிக் கொடுத்து விட்டுப் போனார்கள், இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. 1998 முதல் எல்லா உலகக் கோப்பையிலும் ஜப்பான் ஆடுகிறது. இங்கே பின்னால் வரிசை இல்லை. வெளிநாட்டவர் எழுந்தால் நாற்காலி காலி!

இப்போது இன்னொரு வழியும் தொடங்கி இருக்கிறார்கள். பெங்களூரு கிளப்பில் ஆடிய ரையன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு 2025-ல் இந்தியக் குடிமகன் ஆனார். தாய் வழியில் இந்திய வம்சம். வரவேற்கலாம். அதனால் ஓர் இடம் நிரம்பலாம். ஆனால் பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்து எத்தனை நாள் குடும்பம் நடத்துவது?

சம்மேளனம் என்ன செய்தது?

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் நிர்வாகக் கதை தனி. வெளியார் தலையீடு என்று சொல்லி 2022 ஆகஸ்டில் உலக அமைப்பான பிபா இந்தியாவையே சஸ்பெண்ட் செய்தது. பதினோரு நாளில் தடை நீங்கியது. அதன் பிறகு நடந்த தேர்தலில் தலைவரானவர் கல்யாண் சவுபே. முன்னாள் கோல்கீப்பர். தடுக்கிற வேலை தெரிந்தவர். ஆனால் கோல் போட ஆள் தயாரிக்கும் திட்டத்துக்கு இன்னும் உயிர் வரவில்லை.

2025 செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஐ.எஸ்.எல்., ஒப்பந்தத் தகராறால் அந்த ஆண்டு முடியும் வரை தொடங்கவே இல்லை. ஆட்டக்காரனுக்கு ஆட்டமே இல்லை! ஆட்டம் இல்லாதவன் டாக்காவில் போய் எப்படி கோல் போடுவான்? ஸ்டிமாச் நீண்ட பயிற்சி முகாம் வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் கிளப்புகள் ஆள் விடத் தயங்கின. சம்மேளனம் நடுவில் நின்று தீர்த்து வைக்கவில்லை.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து கோச் தலையில் பழியைப் போட்டார்கள். கேஸ் முடிந்தது என்று பைலைக் கட்டினார்கள்.

பாகூர் வயலில் நிற்கிற பையன்

இதெல்லாம் டெல்லி விஷயம், கொல்கத்தா விஷயம், நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கும் இருக்கிறது.

பாகூர் ஏரிப் பாசனத்தில் அறுவடை முடிந்த வயலில் சாயங்காலம் பாருங்கள். பெரும்பாலும் கிரிக்கெட் மட்டைதான். ஆனாலும் ஏதோ ஒரு மூலையில் இரண்டு ஜோடி செருப்பைக் கோல் கம்பமாக வைத்து நாலு பையன்கள் பந்து உதைத்துக்கொண்டு இருப்பார்கள். அதில் யாரைக் கேட்டாலும் "நான் பார்வர்டு" என்பான். கோல் போடும் ஆசை இல்லாமல் கால்பந்துக்கு வந்த பையன் உலகத்தில் கிடையாது.

அந்தப் பையன் கொஞ்சம் வளர்கிறான். பஸ் ஏறி சுமார் 20 கிலோமீட்டர் தாண்டி உப்பளம் மைதானத்துக்கு வந்தால்தான் ஒழுங்கான பயிற்சி. அப்பா கூலிக்குப் போகிறவர். பஸ் காசு, ஷூ காசு, முட்டைக் காசு எல்லாம் வீட்டுச் செலவில் பிடித்தம். அதையும் தாங்கிக்கொண்டு ஓடுகிறான். பெரிய கிளப் தேர்வுக்குப் போனால், "நல்லா ஓடுறே தம்பி, பேக்ல நில்லு. இல்லேன்னா விங்ல ஓடு" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். ஏனென்றால் நடு இடம் வெளிநாட்டவருக்கு ரிசர்வ்!

பன்னிரண்டு வயதில் கோல் போட்டவன் இருபது வயதில் கோல் தடுக்கிறான். இப்படி ஊருக்கு ஒருவன் போனால் நாட்டுக்கு எத்தனை பேர்?

வீட்டிலும் பேச்சு மாறுகிறது. "இந்தியா டீமே கோல் போட மாட்டேங்குது, நீ பந்து உதைச்சு என்ன கிழிக்கப் போறே?" என்று கேட்கிற அம்மாவுக்குப் பதில் சொல்ல அந்தப் பையனிடம் ஒன்றும் இல்லை. தேசிய அணி ஒவ்வொரு தடவை 0–0 என்று வரும்போதும், வில்லியனூரிலும் பாகூரிலும் இரண்டு பையன்கள் பந்தை மூலையில் போடுகிறார்கள். நஷ்டம் அங்கேதான்.

பெண்கள் போட்ட 24 கோல்

முடியாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2025 ஜூன்-ஜூலையில் தாய்லாந்தில் பெண்கள் ஆசியக் கோப்பை தகுதிச் சுற்று நடந்தது. நம் பெண்கள் அணிக்குக் கோச் கிறிஸ்பின் சேத்ரி. இந்தியர்தான். மங்கோலியாவுக்கு 13 கோல். திமோர் லெஸ்தேவுக்கு 4. ஈராக்குக்கு 5. கடைசியில் தரவரிசையில் நம்மைவிட மேலே இருந்த தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2–1 என்று தோற்கடித்தார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். நாலு ஆட்டத்தில் 24 கோல்! தகுதிச் சுற்றில் ஜெயித்து ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அவர்களுக்கு அதுவே முதல் தடவை.

முதல் மூன்று அணிகளும் பலம் குறைந்தவை என்று சொல்லலாம். சரி. ஆண்கள் அணி 2024-ல் மொரீஷியஸை ஐதராபாத்தில் சந்தித்து 0–0 என்று ஆடியதே, அதற்கு என்ன சொல்வது? பலம் குறைந்தவன் எதிரே வந்தால் அடித்து ஆடுவது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். தாய்லாந்து போல பலமானவன் வந்தபோதும் அதையே செய்தார்கள். முடிவு கிடைத்தது.

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: உள்நாட்டுக் கோப்பைப் போட்டி ஒன்றிலாவது முன்வரிசையில் இந்தியரைத்தான் நிறுத்த வேண்டும் என்று விதி வர வேண்டும். கிளப்புகள் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். லீக்கில் ஜெயிக்க வெளிநாட்டவர் இருக்கட்டும். ஒரு போட்டியாவது நம் பையன் கோல் போடப் பழகுவதற்கு வேண்டும்.

இரண்டு: கோச் யாராக இருந்தாலும் நாலு ஆண்டு கொடுங்கள். கூடவே கோல் போடும் வித்தையை மட்டும் சொல்லிக் கொடுக்கத் தனிப் பயிற்சியாளர் ஒருவரை வையுங்கள். கோல்கீப்பருக்குத் தனிக் கோச் இருக்கும்போது, கோல் போடுகிறவனுக்கு ஏன் கூடாது? நம் பழைய பார்வர்டுகள் நாட்டில் இல்லாமலா போய்விட்டார்கள்?

மூன்று: வேலை அடியிலிருந்து தொடங்க வேண்டும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பள்ளிக்கூடப் பையன்களுக்குச் சமமான ஒரு மைதானம், இரண்டு கோல் கம்பம், வாரம் மூன்று நாள் வருகிற ஒரு கோச். கேட்பது இவ்வளவுதான். பாதி ரோட்டை ஒட்டுப் போடுகிற செலவு கூட ஆகாது. பஸ் ஏறி உப்பளம் போக முடியாத பையனுக்கு அவன் ஊரிலேயே வாசல் திறக்கும்.

புதிய கோச் வரும்போதெல்லாம் மாலை போடுவார்கள். போகும்போது தூற்றுவார்கள். இந்த நாடகத்தை ரசிகர்கள் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்து விட்டார்கள்.

1962-ல் ரகீம் தையல் போட்ட தலையோடு இருந்த பேக்கைக்கூட நம்பி முன்னால் நிறுத்தினார். இன்று முழு உடம்போடு, முழு ஆசையோடு நிற்கிற பையன்களை நம்ப ஆள் இல்லை.

கோச்சை மாற்றியது போதும். கோல் போடுகிற இடத்தில் நம் பையனை நிறுத்துங்கள். நாலு தடவை தவற விடுவான். ஐந்தாவது தடவை போடுவான்!

செய்வார்களா?